வட்டருகே ஒரு மூளை

ஒரு வன்வட்டில் இருப்பதையெல்லாம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட 305 ராமாக் கணினியின் வட்டு என்றால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இன்று தரவு மையங்களில் சுழலும் 22 டெராபைட் வட்டு என்றால் ஒரு நாள் முழுக்க ஆகும். இத்தனை ஆண்டு முன்னேற்றத்துக்குப் பிறகு நேரம் கூடியிருக்கிறது, குறையவில்லை. வங்கி, விமான நிறுவனம், தொலைபேசி நிறுவனம் போன்றவற்றின் பெரும் தரவுத்தளங்களைத் தாங்கும் வன்பொருள் தலைமுறை தலைமுறையாக ஏன் இப்படி மாறிவந்தது என்று புரிந்துகொள்ள, என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

ராமாக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு உருவாக்கியது அது. 2 அடி விட்டமுள்ள 50 தகடுகள் ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழன்றன. தகட்டின் இருபுறமும் காந்தப் பூச்சு. வாசிக்க இருந்ததோ ஒரே ஒரு கை. அடுத்த தகட்டிலிருந்து படிக்க வேண்டுமென்றால் அந்தக் கை முழுதாக வெளியே வந்து, மேலோ கீழோ நகர்ந்து, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். இதற்குச் சராசரியாக 0.6 விநாடி ஆனது. தலை தகட்டில் உரசாமல் இருக்க அழுத்தமான காற்றை ஊதினார்கள். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இந்த ஏற்பாட்டில் 50 லட்சம் எழுத்துகள் இருந்தன. வாசிக்கும் வேகம் விநாடிக்கு 8,800 எழுத்து. வகுத்துப் பார்த்தால் 568 விநாடி, அதாவது ஒன்பதரை நிமிடம். கை நகரும் நேரம் தனி.

1980-இல் ஐ.பி.எம். அறிவித்த 3380 வட்டில் 2.5 ஜிகாபைட் இருந்தது. விநாடிக்கு 3 மெகாபைட் வாசித்தது. கணக்குப் போட்டால் 14 நிமிடம். 2008 வாக்கில் புழங்கிய 1 டெராபைட் வட்டை விநாடிக்கு 100 மெகாபைட் என்று வாசித்தாலும் முக்கால் மணி நேரம் பத்தாது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். 22 டெராபைட் வட்டுக்கு விநாடிக்கு 250 மெகாபைட் என்று தாராளமாகவே வைத்தாலும் 24 மணி நேரத்தைத் தாண்டுகிறது. காரணம் வடிவியலில் இருக்கிறது. தகட்டின் கொள்ளளவு இரண்டு திசையில் வளரும்: தடத்தின் நீளவாட்டில் பிட்டுகளை நெருக்கலாம், தடங்களையும் ஒன்றோடொன்று நெருக்கலாம். வாசிக்கும் வேகமோ நீளவாட்டு நெருக்கத்தாலும் சுழற்சி வேகத்தாலும் மட்டுமே கூடும். சுழற்சி வேகம் 1,200-லிருந்து இன்றைய பெருங்கொள்ளளவு வட்டுகளில் 7,200 சுற்றுக்கு வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் உலோகமும் வெப்பமும் இடம் கொடுக்கவில்லை.

வட்டு மெதுவாக இருப்பதால் யாருக்கு நஷ்டம் என்பது, தரவுத்தளத்திடம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஏ.டி.எம்.-மில் பணம் எடுக்கும்போது வங்கிக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: உங்கள் கணக்கின் இருப்பு. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று குறியீட்டு அட்டவணை சொல்லிவிடும். தலை அங்கே போய்ச் சேர ஆகும் நேரம்தான் செலவு. ஆனால் போன காலாண்டில் எந்த மாவட்டத்தில் எவ்வளவு கடன் நிலுவை என்று மேலாளர் கேட்டால் கோடிக்கணக்கான வரிகளைப் புரட்ட வேண்டும். முதல் வகை வேலைக்கு அணுகும் நேரமும், இரண்டாம் வகைக்குத் தரவு வந்துசேரும் குழாயின் அகலமும் முக்கியம். இரண்டுக்கும் ஒரே பெட்டி சரிவராது என்பதே நீண்ட காலம் தொழில்நுட்பக்காரர்களின் தீர்ப்பாக இருந்தது.

1960-களின் தரவுத்தளங்கள் முதல் வகைக்காகவே கட்டப்பட்டவை. அப்பல்லோ திட்டத்தின் சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கான உதிரிபாகப் பட்டியலைச் சமாளிக்க ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ்., 1968 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் டௌனியில் இயங்கத் தொடங்கியது. பாகத்துக்குள் பாகம், அதற்குள் பாகம் என்று கிளை கிளையாகத் தரவு அடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பாதையில் இறங்க வேண்டும் என்று நிரல் எழுதுபவருக்கே தெரிந்திருக்க வேண்டும். 1970 ஜூனில் எட்கர் காட் எழுதிய ஆய்வுரை அந்தச் சுமையை இறக்கிவைத்தது. தரவை வெறும் அட்டவணைகளாக வையுங்கள், என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எப்படித் தேடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அவர். இன்றைய எஸ்.கியூ.எல். உலகம் முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் யாரும் முன்கூட்டி எதிர்பாராத கேள்வியைக் கேட்கும் சுதந்திரம் கிடைத்ததும், அட்டவணையை முழுசாகப் புரட்ட வேண்டிய கட்டாயமும் கூடவே வந்துவிட்டது.

அதே 1970-இல் டேனியல் ஸ்லாட்னிக் ஒரு துணிச்சலான யோசனையை முன்வைத்தார். தரவை வட்டிலிருந்து செயலிக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, வட்டின் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு சிறு தர்க்கச் சுற்றைப் பொருத்திவிட்டால் என்ன? தகடு ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் எல்லாத் தடங்களும் ஒரே சமயத்தில் அலசப்பட்டு, பொருந்தும் வரிகள் மட்டும் வெளியே வரும். அறுவடைக் களத்திலேயே தூற்றிப் பதரை விட்டுவிட்டு நெல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது போன்ற யோசனை இது. ஃபுளோரிடாவில் காஸம், டொராண்டோவில் ராப், விஸ்கான்சினில் டைரக்ட் என்று பல்கலைக்கழகங்கள் இந்தத் தடத்தில் இறங்கின. பிரிட்டனின் ஐ.சி.எல். நிறுவனம் காஃப்ஸ் என்ற பெயரில் இப்படிப்பட்ட கருவியை விற்பனைக்கே கொண்டுவந்தது.

1983-இல் ஹாரன் போரலும் டேவிட் டிவிட்டும் எழுதிய கட்டுரை இந்த முயற்சிகளின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றியது. தரவுத்தள எந்திரம் என்ற எண்ணத்தின் காலம் கடந்துவிட்டதா என்று தலைப்பிலேயே கேட்டார்கள். டிவிட் வேறு யாருமல்ல, டைரக்ட் எந்திரத்தை வடிவமைத்தவரே. அவர்களுடைய வாதத்தில் நேர்மை இருந்தது. தடத்துக்கு ஒரு தலை வைத்த வட்டுகள் விலை கட்டுப்படியாகாமல் மறைந்துகொண்டிருந்தன. வட்டை ஒதுக்கிவிடும் என்று நம்பப்பட்ட காந்தக் குமிழி நினைவகம் சொன்னபடி வந்துசேரவில்லை. செயலிகள் வேகமாகிக்கொண்டே போக, வட்டிலிருந்து தரவு வரும் வேகமோ தேங்கி நின்றது. செயலி சும்மா காத்துக்கிடக்கும்போது வட்டருகே இன்னும் ஆயிரம் செயலிகளைக் கொண்டுபோய் வைத்து என்ன பயன்? அன்றைய எண்களுக்கு அந்தத் தீர்ப்பு சரியானது. எண்கள் மாறாமல் இருக்கும்வரை மட்டும்.

அந்தக் கட்டுரை வந்த அதே ஆண்டு இறுதியில், டெராடேட்டா என்ற புதிய நிறுவனம் தன் முதல் எந்திரத்தை வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்குச் சோதனைக்கு அனுப்பியது. டிபிசி/1012 என்று அதற்குப் பெயர். 10-இன் 12-ஆம் அடுக்கு, அதாவது ஒரு டெராபைட், என்ற ஆசையைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள். சிறப்புத் தலைகளோ புது நினைவகமோ எதுவும் அதில் இல்லை. கடையில் கிடைக்கும் இன்டெல் செயலி, கடையில் கிடைக்கும் வட்டு. ஒவ்வொரு செயலிக்கும் அதற்கே உரிய வட்டுகள். ஒன்றின் வட்டை இன்னொன்று தொடாது. ஒவ்வொரு வரியின் முதன்மைச் சாவியையும் ஒரு கணிதச் சார்பில் போட்டு, வருகிற எண்ணைக் கொண்டு அந்த வரி எந்தச் செயலிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதனால் தரவு எல்லா வட்டுகளிலும் ஏறக்குறையச் சமமாகப் பரவியது. கேள்வி வந்தால் எல்லாரும் தங்கள் பங்கைப் புரட்டி, சலித்ததை மட்டும் மேலே அனுப்புவார்கள். ஒரு வட்டின் வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் நூறு வட்டுகளை ஒரே நேரத்தில் வாசிக்கலாம் அல்லவா? 1992-இல் வால்மார்ட்டில் ஒரு டெராபைட்டைத் தாண்டிய டெராடேட்டா அமைப்பு ஓடியது. அதே ஆண்டு ஜிம் கிரேயுடன் சேர்ந்து இணைத் தரவுத்தளங்களே எதிர்காலம் என்று கட்டுரை எழுதியவர், ஒன்பது ஆண்டுக்கு முன் சந்தேகம் எழுப்பிய அதே டிவிட். சான்று மாறியதும் கருத்தை மாற்றிக்கொள்ளும் இந்தக் குணத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் 1990-களில் பெரும்பாலான நிறுவனங்கள் போன வழி வேறு. ஒரு பெரிய யூனிக்ஸ் சர்வர், தள்ளி ஓர் அறையில் நூற்றுக்கணக்கான வட்டுகள் கொண்ட சேமிப்பு அலமாரி, நடுவில் ஃபைபர் சேனல் கேபிள். நிர்வாகத்துக்கு வசதிதான்: வட்டு பழுதானால் மாற்றலாம், இடம் போதாவிட்டால் கூட்டலாம். சிக்கல் அந்த நடுக் குழாயில் இருந்தது. பின்னாளில் வந்த 4 ஜிகாபிட் ஃபைபர் சேனல் இணைப்பில்கூட விநாடிக்கு ஏறக்குறைய 400 மெகாபைட் போகும். பின்னால் நிற்கும் 168 வட்டுகள் சேர்ந்து விநாடிக்கு 14 ஜிகாபைட் கொட்டத் தயாராக இருந்தாலும், அதைக் கொண்டுபோக அப்படிப்பட்ட கேபிள் 35 வேண்டும். சர்வரில் அத்தனை இணைப்பை யார் போட்டார்கள்? நான்கோ எட்டோ இருக்கும். வட்டு வாங்கிக் குவிக்கக் குவிக்க, குழாயின் நெரிசல்தான் கூடியது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய நெட்டீசா 2000-களின் தொடக்கத்தில் இதற்குச் சொன்ன விடை, ஸ்லாட்னிக்கின் யோசனைக்கு மிக நெருக்கமானது. வட்டுக்குப் பக்கத்திலேயே, விரும்பியபடி மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லு ஒன்றை வைத்தார்கள். வட்டிலிருந்து தரவு வழிந்து வரும் வேகத்திலேயே வேண்டாத வரிகளும் நெடுவரிசைகளும் கழிந்துவிடும். 2010-இல் ஐ.பி.எம். அந்த நிறுவனத்தை ஏறக்குறைய 170 கோடி டாலருக்கு வாங்கியது.

மென்பொருள் மட்டுமே விற்றுவந்த ஆரக்கிள் 2008 செப்டம்பரில் எக்ஸாடேட்டாவை அறிவித்தபோது தொழில்துறை வியந்தது. ஹெச்.பி. நிறுவனத்தின் சாதாரண சர்வர்களைக் கொண்டே முதல் ரேக் கட்டப்பட்டது: மேலே 8 தரவுத்தள சர்வர், கீழே 14 சேமிப்பு சர்வர், ஒவ்வொரு சேமிப்பு சர்வரிலும் 12 வட்டுகள், நடுவே இன்ஃபினிபேண்ட் வலைப்பின்னல். வன்பொருளில் புதுமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. புதுமை, ஆரக்கிள் தரவுத்தள மென்பொருளின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துச் சேமிப்பு சர்வருக்குள் குடியேற்றியதில் இருந்தது. அந்தப் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்மார்ட் ஸ்கேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒரு வங்கியின் பரிவர்த்தனை அட்டவணையில் 500 கோடி வரிகள். வரிக்கு 200 பைட். மொத்தம் ஒரு டெராபைட். மார்ச் மாதத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்குமேல் எடுத்தவர்களின் கணக்கு எண்ணும் தொகையும் வேண்டும் என்று கேள்வி. பொருந்துவது 50 லட்சம் வரி, அதில் வேண்டிய இரண்டு நெடுவரிசைக்கு 20 பைட் என்று வைத்தால், விடை வெறும் 100 மெகாபைட். பழைய சேமிப்பு அலமாரிக்கு அட்டவணை என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது 8 கிலோபைட் துண்டுகள் மட்டும். இந்தத் துண்டைக் கொடு என்றால் கொடுக்கும். ஆகவே ஒரு டெராபைட்டும் குழாய் வழியாகப் பயணம் செய்து, சர்வரின் நினைவகத்தில் இறங்கி, அங்கே 99.99 விழுக்காடு தூக்கியெறியப்படும். நான்கு ஃபைபர் சேனல் இணைப்பு இருந்தால் இதற்குப் பத்து நிமிடத்துக்குமேல் ஆகும். எக்ஸாடேட்டாவில் 14 சேமிப்பு சர்வர்களும் தங்கள் பங்கை அங்கேயே புரட்டுகின்றன. 70 விநாடி சுமாருக்கு வேலை முடிகிறது. வலைப்பின்னலில் போவது அந்த 100 மெகாபைட் மட்டும்.

இதில் நுணுக்கங்கள் உண்டு. ஒவ்வொரு மெகாபைட் பகுதிக்கும் ஒரு நெடுவரிசையின் மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்புகளைச் சேமிப்பு சர்வர் தன் நினைவகத்தில் குறித்துவைத்துக்கொள்ளும். ஒரு பகுதியில் இருப்பதெல்லாம் ஜனவரி, பிப்ரவரித் தேதிகள் என்றால் மார்ச் கேள்விக்கு அந்தப் பகுதியை வாசிக்கவே வேண்டாம். இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும் கேள்விக்கு புளூம் வடிகட்டி உதவுகிறது: சிறிய அட்டவணையின் சாவிகளை ஒரு சிறு பிட் வரிசையாகச் சுருக்கி எல்லாச் சேமிப்பு சர்வருக்கும் அனுப்பிவிடுவார்கள்; பெரிய அட்டவணையில் அதோடு பொருந்த வாய்ப்பே இல்லாத வரிகள் அங்கேயே கழியும். பர்ட்டன் புளூம் இந்த உத்தியை எழுதியது 1970 ஜூலையில், காட்டின் ஆய்வுரை வந்த அதே இதழின் அடுத்த மாத வெளியீட்டில். அடுத்தடுத்த மாதங்களில் அச்சான இரண்டு எண்ணங்கள் ஒரே ரேக்குக்குள் சந்திக்க முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குமேல் ஆனது.

எல்லையும் உண்டு. நீங்கள் ஒரு வரியைப் படிக்கும்போதே இன்னொருவர் அதை மாற்றிக்கொண்டிருந்தால், உங்களுக்குக் காட்ட வேண்டியது மாற்றத்துக்கு முந்தைய நிலை. அதைத் திரும்பக் கட்டியெழுப்பத் தேவையான விவரம் எல்லாம் சேமிப்பு சர்வரிடம் இருக்காது. அப்போது அது தன் வேலையை நிறுத்திக்கொண்டு, முழுத் துண்டையும் பழைய முறையிலேயே மேலே அனுப்பிவிடும். இந்த அடக்கம் இல்லாவிட்டால் விடை வேகமாக வரும், ஆனால் தவறாக வரும். ஸ்லாட்னிக் காலத்து எந்திரங்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்பது என் கருத்து. வட்டருகே இருக்கும் மூளை பொதுச் செயலியில் ஓடும் மென்பொருள் என்பதால், எங்கே தன்னால் முடியும், எங்கே முடியாது என்று பகுத்துப் பார்க்க அதனால் முடிகிறது.

அடுத்த தலைமுறைகள் வேகமாக வந்தன. 2009-இல் ஹெச்.பி.யை விட்டு சன் நிறுவனத்தின் சர்வர்களுக்கு மாறிய இரண்டாம் பதிப்பில், ஒரு ரேக்குக்கு 5 டெராபைட்டுக்குச் சற்றுக் கூடுதலாக ஃபிளாஷ் நினைவகம் சேர்ந்தது. சுழலும் வட்டில் தலை போய்ச் சேரச் சில மில்லிவிநாடி ஆகும். ஃபிளாஷில் நகர எதுவும் இல்லாததால் அதன் நூற்றில் சில பங்கு நேரமே போதும். அலசலுக்காகக் கட்டிய பெட்டி அன்றாடப் பரிவர்த்தனைக்கும் பொருந்தியது இந்த ஒரு மாற்றத்தால்தான். எக்ஸ்2, எக்ஸ்3 என்று எண் ஏற ஏற ஃபிளாஷின் அளவும் ஏறியது. 2015-இன் எக்ஸ்5-இல் சுழல் வட்டே இல்லாத சேமிப்பு சர்வரையும் வாங்க முடிந்தது.

ஃபிளாஷ் வந்ததும் குற்றவாளி மாறிவிட்டார். வட்டு 5 மில்லிவிநாடி எடுத்துக்கொண்ட காலத்தில், வலைப்பின்னலும் இயங்குதளமும் சேர்ந்து 50 மைக்ரோவிநாடி வீணாக்கியதை யாரும் கவனிக்கவில்லை. இப்போது அது கண்ணை உறுத்தியது. 2019-இன் எக்ஸ்8எம்-இல் இன்ஃபினிபேண்ட் போய், 100 ஜிகாபிட் ஈதர்நெட் வந்தது. மின்சாரம் போனாலும் அழியாத இன்டெல் ஆப்டேன் நினைவகம் சேமிப்பு சர்வருக்கு 1.5 டெராபைட் வீதம் பொருத்தப்பட்டது. தரவுத்தள சர்வர், சேமிப்பு சர்வரின் செயலியையோ மென்பொருளையோ எழுப்பாமல், வலைப்பின்னல் அட்டை வழியாக அந்த நினைவகத்திலிருந்து நேரே எடுத்துக்கொள்ளும். ஒரு துண்டைப் படிக்க 19 மைக்ரோவிநாடிக்கும் குறைவு என்று ஆரக்கிள் அறிவித்தது. ராமாக்கின் 0.6 விநாடியோடு ஒப்பிட்டால் முப்பதாயிரம் மடங்கு.

மூன்றே ஆண்டில் இன்டெல் ஆப்டேன் தொழிலையே மூடுவதாக அறிவித்துவிட்டது. ஒரே சப்ளையரை நம்பிய வன்பொருளுக்கு நேரும் கதி இது. 2023-இன் எக்ஸ்10எம்-இல் ஆப்டேன் இருந்த இடத்தில் சாதாரண டி-ராம் வந்து உட்கார்ந்தது. நினைவகம் எதுவானாலும் நேரடியாக எடுக்கும் முறை அப்படியே இருந்ததால், பயனர்கள் தங்கள் நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. செயலியும் ஏ.எம்.டி.க்கு மாறியது, ஒரு தரவுத்தள சர்வரில் 192 கோர். முதல் எக்ஸாடேட்டாவின் எட்டு தரவுத்தள சர்வர்களையும் சேர்த்தால்கூட 64 கோர்தான்.

இந்தப் பாதையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எக்ஸாடேட்டாவின் சேமிப்பு சர்வருக்குப் புரிவது ஆரக்கிளின் வரிகள் மட்டுமே. வட்டருகே வைத்த மூளை ஒரே முதலாளியின் மொழியைத்தான் பேசும் என்றால், வாங்குபவர் வெளியேறும் கதவு சிறுத்துவிடுகிறது. பொதுவான, எல்லாத் தரவுத்தளமும் பயன்படுத்தக்கூடிய இப்படியொரு சேமிப்பு முறை வேரூன்றியிருந்தால், இந்த வசதி பெரு நிறுவனங்களைத் தாண்டி நடுத்தர நிறுவனங்களுக்கும் முன்பே எட்டியிருக்கும். மேகக் கணினிச் சேவைகள் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. அமேசானின் அரோரா, சேமிப்பு அடுக்குக்கு முழுத் துண்டுகளை எழுதுவதில்லை. மாற்றக் குறிப்புகளை மட்டும் அனுப்புகிறது. மூன்று தனித்தனி மையங்களில் ஆறு படிகளாக அவை சேமிக்கப்படுகின்றன. துண்டுகளைப் புதுப்பித்துக்கொள்வது சேமிப்பு அடுக்கின் பொறுப்பு. எக்ஸாடேட்டா வாசிப்பதில் செய்ததை அரோரா எழுதுவதில் செய்தது என்று சொல்லலாம். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் நிரல்களோடு ஒத்துப்போவதால், பழகிய நிரலை வைத்துக்கொண்டே அதற்கு மாறலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு புதிய வகைக் கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறது. ஓர் ஆவணத்தையோ படத்தையோ நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி வைத்து, இதற்கு மிக நெருக்கமான பத்து எவை என்று கேட்கிறார்கள். பெரியது, சிறியது என்று ஒப்பிடும் வேலை இல்லை இது. ஒவ்வொரு வரிக்கும் தூரம் கணக்கிட வேண்டும். ஒரு வரியின் எண் வரிசையே பல கிலோபைட் என்பதால், எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்தால் 100 ஜிகாபிட் குழாயும் திணறும். 2024-இல் எக்ஸாடேட்டா மென்பொருள் இந்தத் தூரக் கணக்கையும் சேமிப்பு சர்வருக்கே தள்ளிவிட்டது. ஒவ்வொரு சேமிப்பு சர்வரும் தன் பங்கைப் புரட்டிக்கொண்டே, இதுவரை கண்டதில் நெருக்கமான பத்தை மட்டும் கையில் வைத்திருக்கும்; அதைவிட நெருக்கமானது வந்தால் பட்டியலின் கடைசி ஆளை வெளியேற்றும். 14 சேமிப்பு சர்வர் என்றால் மேலே போவது அதிகபட்சம் 140 வரி. அதிலிருந்து பத்தைப் பொறுக்குவது மட்டும்தான் தரவுத்தள சர்வருக்கு மிஞ்சும் வேலை.